கலியாணம் பேசும் ஊரில் காதல் நாவல்

காதல் நாவல் எழுதுகிறவர்கள் சங்கம் வைத்து மாநாடு கூட்டுகிறார்கள் என்றால் யாழ்ப்பாணத்து இலக்கியக்காரர் பலருக்குச் சிரிப்பு வரும். பிரித்தானியாவில் அப்படியொரு சங்கம் 1960இலேயே தொடங்கிவிட்டது, அமெரிக்காவில் 1980இல். அமெரிக்கச் சங்கத்தின் மாநாடுகளில் எழுத்தாளர் ஒரு பதிப்பாசிரியர் முன் சில நிமிடம் உட்கார்ந்து தன் கதையைச் சொல்லி வெளியிடக் கேட்கலாம். கதையை எங்கே திருப்புவது, உரையாடலை எப்படி அமைப்பது என்று பட்டறைகள் நடக்கும். காதல் நாவலுக்கு அவர்கள் வைத்திருக்கும் வரையறையில் இரண்டே நிபந்தனைகள்தான்: கதையின் நடுவில் காதல் இருக்கவேண்டும்; முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தரவேண்டும்.

நம் கூட்டங்களின் ஒழுங்கு வேறு. யாழ்ப்பாணத்து வீரசிங்கம் மண்டபத்தில் ஒரு நாவல் வெளியீடு என்றால் மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வெளியீட்டுரை, முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று நிகழ்ச்சி நிரல் நீளும். சிறப்புப் பிரதி வாங்க வரிசையில் வருகிறவர் கையில் ஒரு கடித உறை. உள்ளே புத்தக விலையை விடக் கூடத்தான் இருக்கும். அச்சுக்கூலி கட்ட எழுத்தாளருக்கு உதவுவது அந்த உறைகள்தான். பிறகு ஆய்வுரை. ஆய்வாளர் சமூகப் பார்வையைத் தேடுவார், கண்டும்பிடிப்பார். நடு அத்தியாயங்களில் கதை ஏன் தொய்ந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. 2013இல் புலம்பெயர்ந்தோரின் இலக்கியச் சந்திப்பு, தன் 41ஆவது கூடலாக யாழ்ப்பாணத்துக்கு வந்தபோதும் பேச்சின் பாரம் அரசியலில்தான் இருந்தது. போர் முடிந்து நான்கு வருடம், வேறெப்படி இருக்கும்?

ஆனால் அந்த இரண்டு நிபந்தனைகளை யாழ்ப்பாணத்து நாவல்கள்மீது வைத்துப் பார்ப்பது பயனுள்ள வேலை. முதலாவதில் பல தேறும். இரண்டாவதில் அநேகம் விழுந்துவிடும். ஏன் விழுகின்றன என்பதில்தான் நம் காதல் கதையின் வரலாறு இருக்கிறது.

தொடக்கமே கலியாணத்தில்தான். மங்களநாயகம் தம்பையா 1914இல் வெளியிட்ட ‘நொறுங்குண்ட இருதயம்’ ஈழத்துப் பெண் ஒருவர் எழுதிய முதல் நாவலாகக் கொள்ளப்படுவது. மணவாழ்வில் ஒரு பெண் படும் பாடுதான் அதன் பொருள். அடுத்த பத்தாண்டில் ம. வே. திருஞானசம்பந்தப்பிள்ளை ‘காசிநாதன் நேசமலர்’, ‘துரைரத்தினம் நேசமணி’ என்று ஆணையும் பெண்ணையும் சோடி சேர்த்தே தலைப்பு வைத்தார். தலைப்பில் இருந்த நெருக்கம் கதையில் ஒழுக்க போதனைக்கு இடம்விட்டு ஒதுங்கி நின்றது. 1954இல் முற்போக்கு எழுத்தாளர் சங்கம் அமைந்த பிறகு போதனையின் இடத்துக்குச் சாதியும் வர்க்கமும் வந்தன. காதல் ஒதுங்கியே நின்றது.

அக்காலத்துச் சண்டைகளில் ஒன்று காதல் எழுத்துக்கு நேரடியாக உதவியது. பேச்சுத்தமிழைக் கதையில் எழுதலாமா, அது இழிசனர் வழக்கல்லவா என்று பண்டிதர்கள் கேட்ட காலம் அது. அந்தச் சண்டை முற்றி 1963இல் யாழ் இந்துக் கல்லூரியில் நடந்த சாகித்திய விழாவில் கூழ்முட்டை பறந்தது. பேச்சுத்தமிழை ஆதரித்த மண் வாசனைக் கட்சி வென்றது. அதன் பலன் அரசியல் வசனத்தை விடக் காதல் வசனத்திலேயே நன்றாகத் தெரிந்தது என்பது என் எண்ணம். சென்னைத் தொடர்கதை நாயகன் நிலவையும் தென்றலையும் துணைக்கு அழைப்பான். யாழ்ப்பாணத்துப் பெடியன் சைக்கிளை உருட்டிக்கொண்டு, “நீர் ஏன் நேற்று ரியூசனுக்கு வரேல்லை?” என்று கேட்பான். ‘நீ’ என்று உரிமை எடுக்கவுமில்லை, ‘நீங்கள்’ என்று தள்ளி வைக்கவுமில்லை. அந்த ‘நீர்’ எப்போது ‘நீ’ ஆகிறது என்பதைக் கவனித்து எழுதினாலே ஒரு அத்தியாயம் நகர்ந்துவிடும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்கு அரசாங்கம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. வாசகருக்குக் கதை வேண்டும். கடையில் கதை இல்லை. அந்த இடைவெளியில் வீரகேசரி நிறுவனம் மலிவு விலையில் நாவல்களை வரிசையாக வெளியிடத் தொடங்கியது. வீரகேசரி பிரசுரம் யாரையும் கூட்டிவைத்துப் பாடம் நடத்தவில்லை. ஆனாலும் நம் காதல் நாவலாசிரியர்களுக்குக் கிடைத்த ஒரே பட்டறை அதுதான். எத்தனை பக்கம், எந்த வேகம், பஸ்ஸிலே வாசிக்கிற பெண்ணுக்கு எங்கே பிடி கொடுப்பது என்பதையெல்லாம் எழுத்தாளர்கள் விற்பனையிலிருந்தே கற்றார்கள். இணுவில் கே. எஸ். ஆனந்தன் போன்றவர்களை விமர்சகர்கள் ‘ஜனரஞ்சகம்’ என்று ஒதுக்கினார்கள், வாசகர் ஒதுக்கவில்லை. 1977இல் பொருளாதாரம் திறந்து சென்னைப் புத்தகங்கள் மறுபடி வந்து இறங்கியதும் பட்டறை தளர்ந்தது.

வீரகேசரி வரிசையில் செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ (1973) தொழில் தெரிந்தவர் செய்த வேலை. வாடை வீசும் பருவத்தில் நெடுந்தீவுக் கரைக்கு வெளியூர் மீனவர்கள் வந்து வாடி அடித்துத் தொழில் செய்வார்கள். பருவம் முடியப் போய்விடுவார்கள். அங்கே உள்ளூர்ப் பெண்ணோடு காதல் வந்தால் அதற்கு நாள் குறித்தாகிவிட்டது. காற்றுத் திரும்புமுன் முடிவெடுக்க வேண்டும். ஆசிரியர் புவியியல் பட்டதாரி. பருவக்காற்றை வருணனைக்கு வைக்காமல் கதையின் கடிகாரமாக்கினார். உள்ளூர் ஆணின் எரிச்சலிலும் தொழில் போட்டியும் காதல் போட்டியும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன. 1978இல் அது படமாகவும் வந்தது.

சாதி குறுக்கே வந்த கதைகளுக்கு இந்த அளவு மூச்சும் கிடைக்கவில்லை. ஈழத்துக் கவிஞர் மகாகவியின் ‘கண்மணியாள் காதை’ சாவில் முடிகிறது. 1977இல் இயக்குநர் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் எடுத்த ‘பொன்மணி’ படத்தில் சாதி மாறிக் காதலித்த பெண் உயிரோடு மிஞ்சவில்லை. சீதனம் சேராததால் கலியாணம் தள்ளிப்போகும் மூத்த சகோதரியும் அதே படத்தில் இருக்கிறாள். அவளுடைய கதைதான் எனக்கு அதிகம் உறைத்தது.

ஏனென்றால் யாழ்ப்பாணத்துக் காதலுக்கு எதிரி, வில்லன் மாமன் அல்ல, கணக்கு. ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமைச் சட்டத்திலேயே சீதனம் பெண்ணின் சொத்து. வீடும் வளவும் பெரும்பாலும் மகளோடு போகும். இதற்குமேல் மாப்பிள்ளை வீட்டாருக்கு ரொக்கமாகக் கொடுப்பது டொனேசன். அந்தக் காசு அநேகமாக மாப்பிள்ளையின் தங்கச்சிக்குச் சீதனமாகும். அவளுடைய புருசன் வீட்டில் அது இன்னொரு தங்கச்சிக்குப் போகும். இந்தச் சங்கிலியில் ஒரு பெடியன் காதலித்துக் கட்டினால் டொனேசன் நின்றுவிடும். தகப்பன் கத்துவது மரபுக்காக என்று தோன்றும். உண்மையில் அடுத்த அறையில் ஒரு மகள் இருக்கிறாள். நல்ல மனிதர்களே தடையாக நிற்கிற இந்த ஏற்பாடு காதல் நாவலாசிரியருக்குக் கிடைத்த பெரும் சொத்து. நம்மவர்கள் அதைப் பெரும்பாலும் சீதனக் கொடுமை என்று பிரசாரமாக்கிச் செலவழித்தார்கள். பிரசாரம் தவறென்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் தங்கச்சி, காதலித்த தமையனுக்கு எதிராகவும் அவனுக்காகவும் ஒரே நேரத்தில் நிற்கிற காட்சியை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எந்தக் காதல் நிறைவேறலாம் என்ற இந்த மாதிரிக் கேள்வியில்தான் அமெரிக்கச் சங்கமும் சிக்கியது. யாருடைய காதலுக்குப் பரிசு, யாருடைய காதலுக்கு இன்பமான முடிவு என்ற நிறவெறிச் சர்ச்சை 2019 இறுதியில் வெடித்து, உறுப்பினர்கள் கூட்டமாக விலகி, 2024இல் சங்கம் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. அங்கே நிறம், இங்கே சாதி. இங்கே சங்கம் இல்லாததால் உடையவும் ஒன்றுமில்லை.

இன்று யாழ்ப்பாணக் கடைகளில் தமிழ்நாட்டுக் காதல் நாவலாசிரியர் ரமணிசந்திரன் கிடைக்கிறார். தமையன் கனடாவிலிருந்து அனுப்பும் காசு டொனேசனின் வேலையைச் செய்கிறது; ஸ்பொன்சர் கிடைக்காமல் இழுபடும் நிச்சயதார்த்தத்துக்கு வாடைக்காற்றை விடக் கொடிய கடிகாரம் இருக்கிறது. எழுதுவதற்கு விஷயப் பஞ்சமில்லை. யாராவது இங்கே ஒரு காதல் நாவல் பட்டறை நடத்துவதானால் பொன்னாடைக்கு ஒதுக்கும் நேரத்தைப் பழைய வீரகேசரி நாவல் ஒன்றை அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்துப் பார்க்கக் கொடுக்கலாம். பழைய ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்தும் நூலகம் திட்டம் 2005இலிருந்து நடக்கிறது; நா. சுப்பிரமணியம் 1978இல் எழுதிய ‘ஈழத்துத் தமிழ் நாவல் இலக்கியம்’ எந்த நாவலைத் தேடுவது என்று வழி காட்டும். முதல் அமர்வுக்கு டொனேசனை வைக்கலாம்.