மடி இழுத்த படகில் துப்பாக்கி

பாக் விரிகுடாவில் பல இடங்களில் ஆழம் 10 மீட்டர்கூடத் தேறாது. பெரிய போர்க்கப்பலுக்கு அங்கே வேலையில்லை. இந்திய அமைதிப்படை 1990 மார்ச்சில் இலங்கையிலிருந்து திரும்பியபின், அந்த ஜூனில் நம் கடற்படை ‘ஆபரேஷன் தாஷா’ ரோந்தைத் தொடங்கி, வாடகை விசைப்படகுகளையும் அதில் இறக்கியது. பம்பாய் குண்டுவெடிப்புக்குப் பிறகு 1993இல் மகாராஷ்டிர, குஜராத் கரைகளில் தொடங்கிய ‘ஆபரேஷன் ஸ்வான்’ ரோந்திலும் இதே வழிதான்.

காசில்லாதவர் செய்யும் ஒப்பேற்றல் என்று இதைத் தள்ளிவிட முடியாது. இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டன் நூற்றுக்கணக்கான இழுவைப்படகுகளைக் கடற்கண்ணி வாரும் வேலையில் இறக்கியது. அந்த வேலைக்கும் மடி வலை இழுப்பதற்கும் பெரிய வித்தியாசமில்லை. மடியின் வாயை விரித்துப் பிடிக்கிற பலகையைப் போன்ற ஒன்று, நீருக்கடியில் எஃகுக் கம்பியை அகலமாக விரித்துப் பிடிக்கும். கண்ணியைக் கட்டியிருக்கும் வடத்தைக் கம்பி அறுக்கும். கண்ணி மேலே மிதந்து வந்ததும் சுட்டு அழிப்பார்கள். வின்ச் படகிலேயே இருந்தது. அதை இயக்கிப் பழகிய மீனவரும் இருந்தார்.

விரட்டிப் பிடிக்க மட்டும் இந்தப் படகு உதவாது. மணிக்கு 8, 10 கடல்மைல் ஓடும் மரப்படகு, இரட்டை அவுட்போர்டு மாட்டிய கடத்தல் படகை எப்படி எட்டும்? ஆனால் அது வேகப்படகு வாங்கினால் தீர்கிற குறை.

தீராத குறை வேறு. 1898இல் கியூபா கரையில் அமெரிக்கக் கடற்படை இரண்டு மீன்பிடிப் படகுகளைப் பிடித்தது. கரையோர மீனவரின் படகைப் போரில் கைப்பற்றக்கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1900இல் தீர்ப்பளித்தது. 1907 ஹேக் உடன்படிக்கை அதை ஏற்றதோடு, மீன்பிடிப் படகின் தோற்றத்தை அப்படியே வைத்துக்கொண்டு படைக்குப் பயன்படுத்துவதையும் விலக்கியது. சாம்பல் வண்ணம் பூசி, கடற்படைக் கொடி ஏற்றிய படகைக் கண்டால் எதிரிக்கும் சங்கதி புரியும். தோற்றம் மாறாமல் துப்பாக்கி ஏறினால், பக்கத்தில் வலை போடுகிறவர் எல்லார்மீதும் சந்தேகம் விழும். இலங்கைப் போர்க்காலத்தில் இரு கரை மீனவரும் அந்தச் சந்தேகத்துக்கு உயிரைக் கொடுத்தார்கள்.

தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போனால், கரையேற்றிய ஃபைபர் படகுகளில் ‘ஐஎன்டி–டிஎன்’ என்று தொடங்கும் பதிவெண்ணைப் பார்க்கலாம். கடலில் மீனவருக்கு அதுதான் அடையாளம், பாதுகாப்பும்கூட. ‘சாகர் கவாச்’ என்ற கடலோரப் பாதுகாப்பு ஒத்திகையில் தீவிரவாதி வேடமிட்ட வீரர்கள் மீன்பிடிப் படகில் வருவதுண்டு. ஒத்திகை அவசியம்தான், அதற்கென்று தனிப் படகு வைத்துக்கொள்ளட்டும், தனி எண் எழுதட்டும். மீனவரின் எண்ணோடு ஆயுதம் ஏந்தியவர் கடலில் இறங்கும் வழக்கம் ஒத்திகைக்காகக்கூட வேண்டாம்.