மணிவண்ணனின் ‘ங்க’

கோயமுத்தூர்த் தமிழ் மரியாதையானது என்று சொல்லிச் சொல்லியே ஒரு கேள்வியை மூடி வைத்திருக்கிறோம். யார் யாருக்கு ‘ங்க’ போடுகிறார்கள்? தோட்டத்துக்காரருக்கு ‘ஏனுங்க சாமி’. பண்ணையத்தாளுக்கு, அவர் பல்லுப்போன கிழவரானாலும், ‘வாடா’. இந்த மரியாதைக்குள் ஒரு சாதிக் கணக்கு ஓடுகிறது.

சூலூர்க்காரரான மணிவண்ணன் ஐம்பது படங்களை இயக்கியவர்; நூற்றுக்கணக்கான படங்களில் நடித்தவர். பகுத்தறிவையும் ஈழத்தையும் மேடையில் பேசியவர். ஆனால் அவருடைய கூர்மையான அரசியல் ‘அமைதிப்படை’யின் (1994) ஓட்டு எண்ணும் காட்சியில் இருக்கிறது. ஒடுங்கி உட்கார்ந்திருந்த அமாவாசை (சத்யராஜ்) ஓட்டு ஏற ஏற நிமிர்ந்து சாய்கிறான். அவனை வேட்பாளராக்கிய மணிவண்ணனோ பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறார். இருவருக்கும் இடையே மரியாதைச் சொற்கள் இடம் மாறுகின்றன. அதிகாரம் கைமாறுவதை வசனம் விளக்கவில்லை; ஒரு துணை நடிகரின் உடம்பும் நாக்கும் காட்டிவிடுகின்றன. நாயகன் நிமிர வேண்டுமென்றால் பக்கத்தில் ஒருவர் குனியத் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு வந்த படங்கள் அந்த நக்கலை மட்டும் வாங்கிக்கொண்டு, கணக்கை விட்டுவிட்டன. நாயகனுக்கு அப்பாவாக, மாமனாக அவரும் அதற்கு உடன்பட்டார்தான். ‘அமைதிப்படை’க்கும் ஓர் எல்லை உண்டு: ஒருவன் மேலேறுவதைக் காட்டியது, கீழேயே நிறுத்தப்பட்டவர்கள் பேசவில்லை.

2013-இல் அவர் இறந்துபோனார். தேர்தல் வந்தால் அந்தக் காட்சியைப் போட்டுப் பார்த்துச் சிரிக்கிறோம். சிரிக்கலாம், தப்பில்லீங்க. அப்படியே நம்ம ஊர்த் தோட்டத்துப் பக்கமும் ஒருதடவை காதைக் கொடுத்துக் கேட்போம்.