சுவரில் தொங்கும் கடிதம்

கடிதம் ஒருவருக்கென்று எழுதப்படுவது. சுவர் வருகிறவர் எல்லோருக்கும் பொது. கடிதத்தைச் சுவரில் ஏற்றுகிற கலைஞன் முதலில் சமாளிக்க வேண்டிய சங்கடம் இதுதான். கையெழுத்தைப் பீங்கானில் பதித்துக் கூடத்தில் மாட்டிக்கொள்ளும் புது ரசனையை இந்தக் கண் கொண்டே பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அம்பத்தூரில் தெரிந்தவர் ஒருவர் வீட்டில் அப்படிப் பன்னிரண்டு பீங்கான் டைல்கள் இருக்கின்றன. ஊரிலிருந்து அவருடைய தாயார் எழுதிய இன்லண்டு கடிதங்களிலிருந்து எடுத்த வரிகள். வெள்ளைப் பரப்பில் நீல எழுத்து, அழகுக்குக் குறைவில்லை. க்ஷேமம் விசாரித்திருக்கிறது, ஆசீர்வாதம் இருக்கிறது. பணம் கேட்ட வரி இல்லை. மளிகைக் கடை பாக்கியும் மருமகளைப் பற்றிய மனத்தாங்கலும் இல்லை. கூடத்துக்கு ஒவ்வாது என்று விட்டுவிட்டார்களாம். அந்த வீட்டுப் பேரனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அவனுக்கு அது ஒரு கோலம்.

செய்முறையிலும் ஒரு குறை இருக்கிறது. கடிதத்தைப் படம் பிடித்து, சூளை தாங்கும் வர்ணத்தில் தாளில் அச்சிட்டு, மெருகேறிய டைலின்மேல் ஒட்டி, ஏறக்குறைய 800 டிகிரியில் மறுபடி சுடுகிறார்கள். வர்ணம் மெருகோடு கலந்துவிடுகிறது. எழுத்தின் உருவம் வருகிறது. பேனாவின் அழுத்தம் வருவதில்லை. ஈரமண்ணில் குச்சியால் எழுதினால் கதையே வேறு. கோட்டின் இரு கரையிலும் மண் பிதுங்கும். உலர்ந்தும் வெந்தும் எழுத்து சற்றே சுருங்கும். கை போன வழி அதில் நிற்கும்.

இதற்கு அளவுகோல் தேடி வெகு தூரம் போக வேண்டாம். ஆவடியைத் தாண்டித் திருவள்ளூருக்கு அப்பால் இருக்கும் பட்டரைப்பெரும்புதூரில், 2015-16-ல் மாநிலத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது தமிழ்-பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்தன. கீழடியில் கிடைத்த ஓடுகளில் ஆதன், குவிரன் என்ற பெயர்களை வாசிக்கிறோம். இத்தகைய ஓடுகளில் பலவற்றில் எழுத்து, பானை வெந்த பிறகு கீறப்பட்டது. அதாவது எழுதியவன் குயவன் அல்ல, பானைக்கு உடையவன். வெந்த மண்ணில் கூர்முனை வழுக்கும், எழுத்து கோணும். அந்தக் கோணலில் ஒரு மனிதன் தெரிகிறான். இது என்னுடையது என்று சொல்ல வேண்டிய அவசியம் அவனுக்கு இருந்திருக்கிறது.

அதைவிடப் பழைய சாட்சியும் உண்டு. மெசபொடேமியாவில் கடிதமே களிமண்தான். அதைப் பொதிய மண் உறையும் செய்தார்கள். கி.மு. 1750 வாக்கில் நன்னி என்பவன் ஊர் நகரத்து வியாபாரி ஏயா-நாசிருக்கு எழுதிய ஓலை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. மட்டமான தாமிரத்தைத் தலையில் கட்டப் பார்த்தாய், நான் அனுப்பிய ஆளை அவமதித்தாய் என்று ஒரே சண்டை. உள்ளங்கை அகல மண்ணில் ஆப்பாலும் அழிக்க முடியாத கோபம்! அதில் ஆசீர்வாதம் மட்டும் இருந்திருந்தால் இன்று யார் அதைத் தேடிப் போய்ப் படிப்பார்கள்?

எழுத்தை வாசிக்காமல் வடிவமாகவே பார்க்கக் கூடாதா என்று கேட்கலாம். தாராளமாகப் பார்க்கலாம். கே.சி.எஸ். பணிக்கர் 1963-ல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' ஓவிய வரிசையில் எழுத்துகள் வாசிக்கச் சொல்லிக் கேட்பதில்லை. நான் யாருடைய கடிதமும் அல்ல என்று அந்த ஓவியம் நேர்மையாகச் சொல்லிவிடுகிறது. பீங்கான் டைலோ 'அம்மாவின் கடிதம்' என்று சொந்தம் கொண்டாடுகிறது. சொந்தம் கொண்டாடினால் அம்மாவின் மனத்தாங்கலுக்கும் சுவரில் இடம் விட வேண்டும். அதை வெட்டிவிட்டு எழுத்தின் வளைவை மட்டும் வைத்துக்கொள்வது, ஆளை வாசலில் நிறுத்திவிட்டு அவர் கொண்டுவந்த பழத்தை மட்டும் வாங்கிக்கொள்வதைப் போன்றது.

மண்ணில் எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு யோசனை சொல்வேன். பழைய கடிதத்தை நகல் எடுக்க வேண்டாம். நாம் பதில் போடாமல் விட்ட கடிதங்கள் எல்லோர் வீட்டுப் பெட்டியிலும் இருக்கும். அவற்றில் ஒன்றை முழுக்க வாசித்து, கோணினாலும் பரவாயில்லை என்று சொந்தக் கையால் ஈரமண்ணில் அந்தப் பதிலை எழுதிப் பார்க்கலாம். சுவரில் மாட்டத் தகுந்தது அதுதான்.