கலைக்காமல் ஏறும் கோடு

பவர் சப்ளை வேலையில் நீ அதிகம் ரசிப்பது எது என்று கேட்டால், ஆசிலோஸ்கோப் திரையில் வரும் ஒரு கோட்டைக் காட்டுவேன். இடது ஓரத்தில் 1.65 வோல்ட்டில் அசையாமல் வரும். நடுத்திரையில் மெல்ல மேலே சாயும். ஒரே சீராக ஏறி 3.3 வோல்ட்டில் போய் அமரும். வழியில் பள்ளம் இருக்காது, துள்ளல் இருக்காது. புதிதாகப் பார்ப்பவருக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அந்தக் கோட்டை வரவழைப்பது லேசான காரியம் இல்லை.

பவர் மாட்யூல் எப்போதும் பூஜ்யத்திலிருந்து கிளம்பும் என்று நினைத்துத்தான் எல்லோரும் படிக்கிறோம். நடைமுறையிலோ, சுவிட்சைப் போடும் முன்பே வெளியீட்டில் வோல்ட்டேஜ் நின்றுகொண்டிருக்கும். இதை ப்ரீ-பயாஸ் என்பார்கள். அணைத்த கையோடு மறுபடி போட்டால் கெபாசிட்டரில் மிச்சம் இருக்கும். ஒன்றுக்கு ஒன்று துணையாக இரண்டு சப்ளைகளை இணைத்திருந்தால் ஒன்று முன்பே ஓடிக்கொண்டிருக்கும். எஃப்.பி.ஜி.ஏ. போன்ற சிப்புக்கு 1, 1.8, 3.3 என்று பல வோல்ட்டேஜ்கள் வேண்டும். அவற்றில் ஒன்று முந்தி வந்தால், பின்களைக் காக்க உள்ளே வைத்த டையோடுகள் வழியாக இன்னொன்றுக்குள் கசியும்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது ஒரு போர்டு. மேஜையில் தனியாக வைத்தால் எத்தனை முறை போட்டாலும் கிளம்பும். பக்கத்துப் போர்டின் கேபிளை மாட்டினால் கிளம்பாது. பவரே போடாத 3.3 வோல்ட் லைனில் மல்டிமீட்டரை வைத்தேன். ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அத்தனையும் பக்கத்துப் போர்டின் சிக்னல் கம்பிகள் வழியாக வந்து சேர்ந்தது. ஸ்கோப்பை வைத்துப் பார்த்தால், சுவிட்ச் போட்டதும் அந்த வோல்ட்டேஜ் மேலே போவதற்குப் பதில் கிணற்றில் விழுந்த மாதிரி கீழே போனது. மாட்யூல் அதிகக் கரன்ட் என்று கண்டு தானே அணைந்துகொண்டது.

ஏன் விழுந்தது? வீட்டு மோட்டாருக்கு என்.ஆர்.வி. வால்வு போடுகிறோமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். மேல்நிலைத் தொட்டியில் ஏறிய நீர் திரும்பி இறங்காமல் அது தடுக்கிறது. வோல்ட்டேஜைக் குறைத்துத் தரும் பழைய பக் கன்வெர்ட்டரில் அந்த வால்வின் இடத்தில் டையோடு இருந்தது. கரன்ட் ஒரு திசையில்தான் போகும். ஆனால் டையோடு அரை வோல்ட் அளவுக்குத் தின்றுவிடும். 1 வோல்ட் சப்ளையில் அது பெரிய நஷ்டம். அதனால் டையோடை எடுத்துவிட்டு மாஸ்ஃபெட்டை வைத்தார்கள். சிக்கனம் கிடைத்தது, ஆனால் மாஸ்ஃபெட் திறந்திருக்கும்போது இரு திசையிலும் கரன்ட்டை விடும். வால்வு இருந்த இடத்தில் மதகு வந்துவிட்டது.

சாஃப்ட் ஸ்டார்ட்டில் கன்ட்ரோலர் தன் இலக்கைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல உயர்த்தும். வெளியீட்டிலோ ஏற்கெனவே 1.65 வோல்ட். வேண்டியதற்கு மேல் இருக்கிறது என்று கணக்கிட்டு, டையோடு இருந்த இடத்தில் வந்த கீழ் மாஸ்ஃபெட்டைத் திறந்து வெளியீட்டைத் தரைக்கு இழுக்கத் தொடங்கும். 1 மைக்ரோஹென்றி இண்டக்டர் என்றால் கரன்ட் மைக்ரோவிநாடிக்கு 1.65 ஆம்பியர் வீதம் தலைகீழாக ஏறும். வெளியீட்டில் 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இருந்தால் 10 மைக்ரோவிநாடியில் 15 ஆம்பியரைத் தாண்டிவிடும். அப்போது கீழ் மாஸ்ஃபெட்டை மூடினாலும் அந்தக் கரன்ட், உள்ளீட்டை இணைக்கும் மேல் மாஸ்ஃபெட் வழியாக 12 வோல்ட் உள்ளீட்டுப் பக்கம் ஏறி, அதையும் தூக்கிவிடும்.

நல்ல மாட்யூல் இங்கே செய்வது காத்திருப்பது. கன்ட்ரோலர் வெளியீட்டைச் சுருக்கித்தான் பார்க்கும்; 3.3 வோல்ட் அதற்கு 0.6 வோல்ட், இலக்கு அதுவரை ஏறும் சாஃப்ட் ஸ்டார்ட் 10 மில்லிவிநாடி என்று வையுங்கள். வெளியீட்டில் 1.65 என்றால், கன்ட்ரோலருக்கு அது 0.3 வோல்ட்டாகத் தெரியும். இலக்கு அந்த 0.3-ஐத் தொடும்வரை, அதாவது முதல் 5 மில்லிவிநாடி, இரண்டு மாஸ்ஃபெட்களும் வாய் திறக்காது. ஓடிக்கொண்டிருக்கும் கச்சேரியில் நடுவே வந்து சேரும் பக்கவாத்தியக்காரர் சுருதியைக் காதில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் இல்லையா, அந்த மாதிரி. முதல் துடிப்பு வரும் இடம் ஏற்கெனவே இருக்கும் வோல்ட்டேஜோடு பொருந்திவிடுகிறது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. அதை அவிழ்த்த விதம்தான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. மேல் மாஸ்ஃபெட்டின் கேட்டைத் திறக்க பூட்ஸ்ட்ராப் என்ற சின்ன கெபாசிட்டர் நிறைந்திருக்க வேண்டும். கீழ் மாஸ்ஃபெட் திறந்து, இண்டக்டர் சேரும் முனை தரைக்கு வந்தால்தான் அது நிறையும். வெளியீட்டில் 3 வோல்ட் நின்றால் அந்த முனையும் 3 வோல்ட்டில் நிற்கும். கேட்டை இயக்கும் 5 வோல்ட் சப்ளையிலிருந்து பூட்ஸ்ட்ராப்புக்கு 2 வோல்ட்கூடக் கிடைக்காது, கேட் திறக்காது. கீழ் மாஸ்ஃபெட்டைத் திறந்தால் வெளியீடு விழும், திறக்காவிட்டால் மாட்யூல் கிளம்பாது. நல்ல வடிவமைப்பாளர் அதை 200 நானோவிநாடி மட்டும் திறந்து மூடுகிறார். 1 மைக்ரோஹென்றியில் அதற்குள் ஓடுவது 0.6 ஆம்பியர்தான். வெளியீட்டுக் கெபாசிட்டருக்கு அது உறைக்கவே உறைக்காது. அப்படிச் சில துடிப்புகளில் பூட்ஸ்ட்ராப் நிறைந்துவிடும்.

பிறகு கீழ் மாஸ்ஃபெட்டுக்கு ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக நேரம் கூட்டிக் கொடுக்கிறார்கள். அதுவரை அதன் உள்ளேயே இருக்கும் டையோடு பாரத்தைச் சுமக்கும். சில மாட்யூல்கள் பொறுமை இல்லாமல் ஒரே அடியாக முழு நேரத்தையும் கொடுத்துவிடும். ஏறும் கோட்டில் அந்த இடத்தில் ஒரு சின்ன வெட்டு தெரியும். முன்பு இதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. இப்போது என் கண் முதலில் போவது அங்கேதான்.

மாட்யூல் வாங்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பூஜ்யத்திலிருந்து மட்டும் சோதித்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். மேஜை சப்ளையிலிருந்து ஒரு டையோடு வழியாக வெளியீட்டைப் பாதி வோல்ட்டேஜில் நிறுத்துங்கள். ஸ்கோப்பை மாட்டி, சுவிட்சைப் போடுங்கள். பாதியில் செய்த பிறகு முக்காலிலும், கிட்டத்தட்ட முழு வோல்ட்டேஜிலும் செய்யுங்கள். மூன்று தடவையும் கோடு இறங்காமல் ஏறினால் வாங்குங்கள்.