உருவகமா? அவதாரமா?

"அந்தச் சிங்கம்தான் ஏசுவா, ஐயா?"

ரெட்டியார்பாளையத்தில் என் மாணவன் ஒருவன் கேட்ட கேள்வி இது. 2005ஆம் ஆண்டில் வந்த நார்னியா திரைப்படத்தை அவன் பார்த்திருந்தான். கேட்டவன் சிறுவன், கேள்வி சிறிதன்று.

சி. எஸ். லூயிஸ் 1950 முதல் 1956 வரை வெளியிட்ட ஏழு நார்னியா நூல்களின் நாயகன் அஸ்லான் எனும் சிங்கம். துரோகம் செய்த சிறுவனுக்காகத் தன்னுயிரை ஈந்து, கல்மேடையில் மாண்டு, விடியலில் உயிர்த்தெழுகிறது அது. உருவகம் என்றனர் பலர். அன்று என மறுத்தார் லூயிஸ். அப்படி ஓர் உலகம் உண்மையில் இருந்து, அங்கே கிறிஸ்து தோன்றினால் எவ்வாறிருப்பார் என எண்ணிப் பார்த்ததே அஸ்லான் என்று 1958இல் ஒரு கடிதத்தில் விளக்கினார். அதாவது, கதைக்குள் அவரே இவர்.

தூணைப் பிளந்து சிங்கம் வந்த கதையைக் கேட்டுக் காது புளித்த தமிழர்க்கு இது புதிதா? இதற்கு இந்நாட்டில் பழைய பெயர் ஒன்று உண்டு: அவதாரம்!

எச். ஏ. கிருஷ்ண பிள்ளையை இங்கே நினைக்க வேண்டும். நெல்லைச் சீமையில் வைணவக் குடியில் பிறந்தவர், கம்பனில் தோய்ந்தவர், 1858இல் கிறிஸ்தவரானவர். ஜான் பனியன் 1678இல் எழுதிய பயணக் கதையைத் தழுவி, 1894இல் இரட்சணிய யாத்திரிகம் எனும் காப்பியத்தைத் தந்தார். அவதாரக் கதை அவர் அறியாததா? ஆயினும் அவர் என்ன செய்தார்? மனிதனின் நம்பிக்கைக்கும் ஐயத்துக்கும் உருவகம் தந்தார். சிலுவைப் பாடுகளைச் சொல்லுமிடத்தில் உருவகத்தை ஒதுக்கிவிட்டு, நற்செய்தி நூல்கள் கூறுவதையே பாடினார்.

அந்த வேறுபாட்டில் நுட்பம் இருக்கிறது. நம்பிக்கைக்கு முகம் இல்லை. ஆகவே முகமூடி வேண்டும். நாசரேத்து ஏசுவுக்கோ ஊர் உண்டு, தாய் உண்டு, தண்டித்த ஆளுநன் பிலாத்து உண்டு. ஒதுக்கப்பட்டோருடன் உண்டவர் அவர். பேரரசின் ஆணையால் கொல்லப்பட்டவர். இவற்றையெல்லாம் களைந்து பிடரிமயிரைச் சூட்டினால் எஞ்சுவது என்ன? வலிமையும் வியப்பும்! தச்சன் மகன் காட்டரசன் ஆகிவிட்டான். ஏழையின் தோழனை மன்னனாக்குவது பெருமையா, மறைப்பா?

லூயிஸின் கதையில் சுவையில்லை என்று கூறேன்; அஸ்லானின் இறப்பைப் படித்து நானும் கலங்கியவன்தான். ஆனால் 'அவரே இவர்' என்பது கதைக்குள் செல்லும் நாணயம்; வெளியே செல்லாது. வெளியே ஒப்புமை மட்டுமே உண்டு. ஒப்புமையை எடைபோடும் உரிமை படிப்பவனின் அறிவுக்கே உண்டு. உருவகம் 'எண்ணிப் பார்' என்கிறது. அவதாரமோ 'ஏற்றுக்கொள்' என்கிறது.

கத்தோலிக்க ஊர்களில் பாஸ்கு நாடகம் நடக்கிறது. சிலுவை சுமந்தவனைக் கண்டு ஊரே அழும். விடிந்ததும் அவனே தேநீர்க் கடையில் நிற்பான். எவரும் அவனை வணங்குவதில்லை. அந்தத் தெளிவு நூல் படிக்கும்போதும் வேண்டாவா?

மாணவனுக்குச் சொன்னேன்: "சிங்கம் சிங்கந்தான், தம்பி. அது யாரைப்போல் இருக்கிறது என்று பார். எதில் அவரைப்போல் இல்லை என்றும் பார்."