ஒருநாளும் ஒருதீர்ப்பும்

ஒரே நாளில் நடைபெறும் தேர்தல்கள் பலவாயினும் அவற்றை ஒன்றாகவே கொள்ளல் வேண்டும் என்னும் கருத்து, அண்மைக் காலத்தில் அறிஞரிடத்தும் பத்திரிகைகளிடத்தும் வேரூன்றி வருகின்றது. நாள் ஒன்று, நாடு ஒன்று, வாக்களிப்போர் அவரே. ஆகலின் தீர்ப்பும் ஒன்றே என்பது அவர்தம் வாதம். கேட்போர்க்கு இஃது இனிதாகவே தோன்றும். ஆயினும் லிந்துலைப் பள்ளத்தாக்கிலிருந்து நோக்குவார்க்கு அவ்வினிமை நெடுநேரம் நிலைப்பதில்லை.

முதலில் வரலாறு. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல் ஒரே நாளில் நடந்ததன்று. ஓகஸ்ட் 23 முதல் செப்டெம்பர் 20 வரை, தொகுதிதோறும் வேறு வேறு நாளில் வாக்களிப்பு நிகழ்ந்தது. அத்தேர்தலிலேயே தலவாக்கலைத் தொகுதி சி. வி. வேலுப்பிள்ளை அவர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. நாள்கள் சிதறிக் கிடந்தும் அதனை ஒரு பொதுத் தேர்தல் என்று கொள்வதில் எவருக்கும் ஐயம் எழவில்லை. எல்லாத் தொகுதிகளும் ஒரே மன்றத்துக்கு உறுப்பினரைத் தெரிந்தமையே காரணம். நாடு முழுவதும் முதன்முதலாக ஒரே நாளில் வாக்களித்தது 1960 மார்ச் 19 அன்று. அந்நாளில், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தாலும் அதனையடுத்த தேர்தற் சட்டத் திருத்தத்தாலும், தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோர் வாக்கிழந்து நின்றனர். நாடு ஒருநாளில் ஒன்றுகூடி வாக்களித்தபோது அவர்கள் வழக்கம்போலப் பெரட்டுக்குச் சென்று கொழுந்து பறித்தனர். தேர்தலின் ஒருமை நாளில் இல்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இனி 2018 பெப்ரவரி 10 அன்று நடந்த உள்ளூராட்சித் தேர்தலைக் காண்போம். அன்று 340 சபைகளுக்கு ஒரே நாளில் வாக்களிப்பு நடந்தது. சட்டத்தின் கணக்கோ 340 கணக்கு. ஒரு சபையில் விழுந்த வாக்கு மற்றொரு சபைக்குச் செல்லாது. வட்டாரமும் விகிதமும் கலந்த புதிய முறையில் ஆசனங்களைப் பகிர்ந்ததும் சபைக்குச் சபை தனித்தனியேதான். ஆயினும் முடிவுகள் வெளிவந்த இரவே அனைத்தையும் கூட்டி, இது நடுவணரசுக்கு எதிரான நாட்டின் தீர்ப்பு என்றனர். அதனால் எழுந்த கொந்தளிப்பிடையே பிரதமர் ரணில் விக்கிரமசிங்க மீது நம்பிக்கையில்லாப் பிரேரணை வந்து, ஏப்ரல் 4 அன்று 76க்கு 122 என்ற வாக்குகளால் தோல்வியுற்றது.

இக்கூட்டலில் மறைந்தது எது? நுவரெலியா மாவட்டத்தில் அதுகாறும் இரண்டாய் இருந்த பெரும் பிரதேச சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்ட பின் நடந்த முதல் தேர்தல் அஃது. நுவரெலியா, அக்கரபத்தனை, கொட்டகலை என மூன்றும், அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா என மூன்றும் ஆயின. நெடுங்காலக் கோரிக்கையொன்று அன்று நிறைவேறியது. இதனினும் பெரிய செய்தி ஒன்றுண்டு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளில் சபை நிதியைச் செலவிடத் தடையாய் நின்றது. தோட்டத்து மக்கள் சபைக்கு வாக்களிப்பர், உறுப்பினராயும் அமர்வர். தம் லயத்துக்குச் செல்லும் பாதையைச் செப்பனிடுமாறு சபையைக் கேட்க இயலாது. அத்தடை நீங்கத் திருத்தம் வந்தது அதே 2018ஆம் ஆண்டின் பிற்பகுதியிற்றான். இத்தகைய சபைக்கு வாக்களித்தவர் மனத்தில் இருந்தது கொழும்பு அரசியலோ, குடிநீர்க் குழாயோ என்பதைக் கூட்டுத்தொகை காட்டாது. ஒரே மலையில் ஒரே பொழுதிற் பறித்த கொழுந்தாயினும் ஒவ்வொருத்தி கூடையும் தனித்தனியே நிறுக்கப்பட்டுப் பேர் போட்ட பின்னரே தொழிற்சாலைக்குச் செல்லும். மொத்த நிறையை மட்டும் எழுதிக்கொள்ளும் கணக்கப்பிள்ளையை எந்த மலையும் பொறுப்பதில்லை.

ஒரே வாக்காளர் ஒரே நாளில் இருவேறு தீர்ப்பு வழங்குவரோ என ஐயுறுவார் தமிழ்நாட்டை நோக்குக. 2019 ஏப்ரல் 18 அன்று அங்கு மக்களவைத் தேர்தலுடன் 18 சட்டமன்றத் தொகுதிகளுக்கு இடைத்தேர்தலும் நடந்தது. மக்களவையில் அ.தி.மு.க. அணிக்குக் கிட்டியது தேனி ஒன்றே. அவ்விடைத்தேர்தலிலோ தி.மு.க. பத்தும் அ.தி.மு.க. எட்டும் வென்றன. தருமபுரி மக்களவைத் தொகுதி தி.மு.க.வின் பக்கம் சென்றது. அதனுள் அடங்கிய அரூரும் பாப்பிரெட்டிப்பட்டியும் சட்டமன்றத்துக்கு அ.தி.மு.க.வினரை அனுப்பின. ஒரே சாவடி, ஒரே விரல், ஒரே மை. டில்லிக்கு ஒன்றும் சென்னைக்கு ஒன்றுமாக மக்கள் பிரித்தறிந்தே வாக்களித்தனர்.

எதிர்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. தேர்தல்களை நாள் பிரித்து நடத்துங்கால் அரச இயந்திரம் ஒவ்வொரு மாகாணமாகப் பாய்ந்து வெற்றி தேடும், முன்னைய முடிவு பின்னையோர் மனத்தை அசைக்கும், செலவும் மிகும். ஆகவே ஒருநாளில் நடத்துக என்பதை யானும் உடன்படுகின்றேன். நடத்துவதற்காகக் காத்திருக்கச் செய்வதையே மறுக்கின்றேன்.

அக்காத்திருப்பு நம் மாகாணத்துக்கு நேர்ந்ததே. எல்லா மாகாண சபைகளுக்கும் ஒரே நாளில் தேர்தல் நடத்த 2017இல் அரசியலமைப்பின் இருபதாம் திருத்த மசோதா கொண்டுவரப்பட்டது. சபைகளின் காலம் ஒரே நாளில் முடியவேண்டுமாயின் சிலவற்றின் ஆயுளை நீட்டவும் சிலவற்றினதைக் குறைக்கவும் நேரும். அதற்கு மூன்றிலிரண்டு பெரும்பான்மையோடு மக்கள் தீர்ப்பும் வேண்டும் என்றது உயர் நீதிமன்றம். உடனே வேறு வழி பிறந்தது. பெண்கள் பிரதிநிதித்துவம் குறித்து வந்த மசோதாவில் புதிய தேர்தல் முறையொன்று குழுநிலையிற் புகுத்தப்பட்டு, 2017 செப்டெம்பர் 20இல் பாராளுமன்றத்தில் நிறைவேறிற்று. அதன்படி தொகுதி எல்லைகளை வகுத்த அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது, ஆதரவாக ஒரு வாக்குமின்றி 139 வாக்குகளால் நிராகரிக்கப்பட்டது. பழைய முறை நீங்கிற்று. புதிய முறை பிறக்கவில்லை. 2013 செப்டெம்பர் 21இல் தெரிவான மத்திய மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. 2025ஆம் ஆண்டிலும் அதற்குத் தேர்தல் வரவில்லை. ஒன்பதையும் ஒன்றாக்கப் புகுந்தவர் ஒன்றையேனும் நடத்தினாரல்லர்.

2025 மே 6 அன்று 339 உள்ளூராட்சிச் சபைகளுக்கு மீண்டும் ஒருநாள் தேர்தல் நடந்தது. முன்னைய நவம்பரில் பாராளுமன்றத்துக்கு ஏறத்தாழ 61 விழுக்காடு பெற்ற ஆளுங்கட்சி இம்முறை ஏறத்தாழ 43 விழுக்காடு பெற்றது. ஒருசாரார் வீழ்ச்சி என்றனர். மற்றொரு சாரார் மிகப்பல சபைகளில் முதலிடம் என்று மகிழ்ந்தனர். இருசாராரும் ஒரே கூட்டுத்தொகையைக் கையில் வைத்துக்கொண்டே பேசினர். தலவாக்கலை-லிந்துலை நகர சபையின் எல்லைக்குள் குப்பை அகற்றுவது யார் பொறுப்பு என்று அன்று வாக்களித்தவர் கருதியதை அவ்விருவருள் எவரும் வினவவில்லை.