கையறுநிலையும் நினைவுப் பண்டமும்

கையறுநிலையைத் தொல்காப்பியர் புறத்திணையியலில் காஞ்சித் திணையின் துறைகளுள் ஒன்றாக வைத்தார். புறநானூற்றில் அது பொதுவியல் திணைக்கண் வரும். இத்திணை வேறுபாடு அறிஞர் பலரால் ஆராயப்பட்டது. ஈண்டு அது நம் பொருள் அன்று. மாய்ந்தவர்பொருட்டு எஞ்சினவர் புலம்புதல் என்னும் இலக்கணத்தில் எஞ்சினவர் என்னும் பகுதியே ஈண்டு நோக்கற்பாலது. மாய்ந்தது யாது என்பதனை மட்டும் கூறிவிட்டால் அத்துறை நிரம்பாது. எஞ்சி நிற்பவன் யார், அவன் இழந்தது யாது, இழந்தபின் அவன் நிலை யாது என்பன புலப்படல் வேண்டும். இவ்வுண்மையைக் கருவியாகக் கொண்டு இக்காலத்து வழக்கு ஒன்றனை மதிப்பிட முயல்வதே இக்கட்டுரை.

அவ்வழக்காவது, மறைந்த விளையாட்டு அணிகளின் பெயரையும், இடிந்தும் மாறியும் போன ஊர் அடையாளங்களின் வடிவையும் பனியனிலும் தொப்பியிலும் குவளையிலும் அஞ்சலட்டையிலும் சாவிக்கொத்திலும் பொறித்து விற்றலாம். மேலைநாட்டில் இது பெருவணிகம். நியூயார்க் நகரின் ஒரு கூறாகிய புரூக்ளினில் ஆடிவந்த டாட்ஜர்ஸ் என்னும் பேஸ்பால் அணி 1957ஆம் ஆண்டு ஆட்டங்களோடு அவ்வூரை நீத்து லாஸ் ஏஞ்சல்ஸ் சென்றது. அதன் ஆடுகளமாகிய எபெட்ஸ் ஃபீல்டு 1960இல் இடிக்கப்பட்டது. 1988இல் சியாட்டில் நகரில் தோன்றிய நிறுவனம் ஒன்று அவ்வாடுகளத்தின் பெயரையே தன் பெயராகத் தாங்கி, பழைய அணிகளின் கம்பளிச் சட்டைகளை மீண்டும் தைத்து விற்கலாயிற்று. நம் புதுச்சேரியிலும் கடற்கரைச் சாலையை அடுத்த கடைகளில் பழைய பாலத்தின் படமும், கலங்கரை விளக்கத்தின் உருவும், நீல நிறத்தில் தெருப்பெயர் எழுதிய பலகையின் சிற்றுருவும் கிடைக்கின்றன. இவற்றை இற்றைநாட் கையறுநிலை எனக் கருதுவாரும் உளர். கவிதை செய்த பணியைப் பண்டம் செய்கிறது என்பது அவர் கூற்று. இக்கூற்றுப் பொருந்துமா?

பாரி மகளிர் பாடியதாக வரும் புறநானூற்றின் 112ஆம் பாட்டு எல்லாரும் அறிந்தது. இரு நிலவுகளை அது ஒப்பிடுகிறது. முன்னை நிலவில் தந்தையும் இருந்தான். குன்றும் தமதாக இருந்தது. பின்னை நிலவில் இரண்டும் இல்லை. ஆயின் பறம்புமலை இடியவில்லை. அது நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஓவியன் ஒருவன் அம்மலையை இரு நிலவிலும் வரைந்திருப்பின் இரண்டு படங்களும் ஒன்றாகவே இருக்கும். இழப்பு மலையின் வடிவில் இல்லை. மலைக்கும் அம்மகளிர்க்கும் இருந்த உறவில் உள்ளது. வடிவை மட்டும் பொறிப்பது எத்துணைத் திறமாகப் பொறித்தாலும் இதனைக் காட்டவியலாது.

கபிலர் பாடிய 118ஆம் பாட்டு இதனினும் நுட்பமானது. கற்பாரால் அத்துணையாகப் போற்றப்படாததும் ஆகும். எட்டாம் நாள் பிறைபோல் வளைந்த கரையையுடைய சிறுகுளம் ஒன்று உடைகிறது என்பதே அதன் செய்தி. பாரியின் வீரமோ அவன் முல்லைக்குத் தேர் ஈந்த சிறப்போ அங்கு விரிக்கப்படவில்லை. காப்பவன் போனபின் கரை உடைகிறது. தலைவனை இழந்த நாட்டின் கையறவைக் கபிலர் ஒரு குளத்தின் பராமரிப்பின்மையால் உணர்த்திவிட்டார். ஏரிப் பாசனத்தை நம்பி வாழும் பாகூர்ப் பகுதி மாணாக்கர்க்கு இப்பாட்டை விளக்கவே வேண்டுவதில்லை; கரை என்றவுடன் அவர்க்குப் பொருள் விளங்கும்.

மூன்றாவது, தொடித்தலை விழுத்தண்டினார் பாடிய 243ஆம் பாட்டு. நம் பொருளுக்கு மிக நெருங்கியதும் இதுவே. விளையாட்டை நினைந்து இரங்கும் முதியவர் ஒருவரின் கூற்று அது. மகளிரோடு கைகோத்து நீராடியமை கூறுகிறார். மருதமரத்துத் தாழ்ந்த கொம்பில் ஏறி, கரையில் நின்றார் வியக்க, ஆழ்ந்த மடுவிற் பாய்ந்து, அடியில் உள்ள மணலை அள்ளிவந்தமை கூறுகிறார். அம்மணல் எதற்கு? அடிவரை சென்றதற்குச் சான்று அது. நினைவுப் பொருள் என்று நாம் இன்று கூறுவதன் மூலவடிவம் அக்கைப்பிடி மணல் எனலாம். ஆயின் அவர் அதனைப் பேணி வைக்கவில்லை. பாட்டின் இறுதியில் அவர் கையில் இருப்பது மணல் அன்று. பூண் கட்டிய ஊன்றுகோல். இருமலுக்கிடையே சில சொற்களே வரும் முதுமை. புலவர்தம் இயற்பெயர் மறைந்துபோக, அக்கோலைக் குறித்த தொடரே அவர் பெயராக நின்றது. இழந்த இளமையின் சின்னம் எதுவும் பெயராகாமல், இழந்தபின் ஊன்றிய பொருள் பெயராயிற்று என்பது ஆழ்ந்து நோக்கற்குரியது.

நினைவுப் பண்டம் இதற்கு மறுதலை. அது மணலை விற்கிறது, ஊன்றுகோலை மறைக்கிறது. பாய்ந்து மூழ்காதவனும் மணலைக் காசு கொடுத்துப் பெறலாம் என்பதும் ஒரு வேறுபாடு. அதனை யான் பெருங்குற்றமாகக் கொள்ளவில்லை. பிறர் நினைவைப் போற்றுதல் தீதன்று. குற்றம், மாய்ந்ததை மாயாத கோலத்தில் காட்டி, எஞ்சினவரை நீக்கிவிடுவதேயாம்.

புதுச்சேரிப் பழைய பாலத்தைக் காண்க. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் 1866இல் கட்டப்பெற்ற அது 1952ஆம் ஆண்டுப் புயலில் அழிந்தது. கடலில் இன்றும் நிற்கும் தூண்கள் சில அதன் எச்சம். கடைகளில் விற்கும் படத்தில் பாலம் முழுமையாக உள்ளது; அதன்மேல் ஆடை அலங்காரத்தோடு சிலர் உலவுகின்றனர். புயல் அப்படத்தில் இல்லை. மூட்டை சுமந்தவனும் இல்லை. மேரி கட்டடத்தின் செய்தி இன்னும் விந்தையானது. (மேரி என்பது அன்னையின் பெயர் அன்று, நகரமன்றத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் திரிபு. இதனை அறியாது மயங்குவார் இன்றும் பலர்.) 2014ஆம் ஆண்டு நவம்பர் மழையில் இடிந்து வீழ்ந்த அக்கட்டடம் பழைய வடிவிலேயே மீண்டும் எழுப்பப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. இப்பொழுது அதன் படத்தை வாங்குவோன் வாங்குவது பழைய கட்டடமா புதியதா என்று கேட்பின் கடைக்காரரும் விடை கூறார். இழப்பே நிகழவில்லை என்னும்படி படம் நிற்கிறது.

ஆயி மண்டபம் வேறு வகை. அதுவே புதுவை அரசின் இலச்சினை. ஆதலின் எப்பண்டத்திலும் அது காணப்படும். கிருட்டிண தேவராயர் ஒளிமிக்க மாளிகை ஒன்றனைக் கோயில் என மயங்கி வணங்கினார். அது கணிகை ஒருத்தியின் மனை என அறிந்து சினந்து இடிக்க ஆணையிட்டார். ஆயி என்னும் அவள் தானே இடித்து அவ்விடத்தில் குளம் அகழ்ந்தாள் என்பது கதை. முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்கு நீர் கொணர்ந்த மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அவள் நினைவாக மண்டபம் எழுந்தது. இக்கதை கையறுநிலைக்குரிய எல்லாக் கூறுகளும் கொண்டது. தன் வீட்டைத் தன் கையால் இடித்தவள் அவள். ஆயின் படத்தில் வெண்ணிறத் தூண்களே உள. இடிந்த வீடும் இல்லை, தோண்டிய குளமும் இல்லை.

இனி நகரை விட்டு நாட்டுப்புறம் செல்வோம். யான் கண்ட அளவில் வில்லியனூரும் பாகூரும் இப்பண்டங்களில் இடம்பெறுவது அரிது. மறைந்த அடையாளங்கள் அங்கும் இல்லாமல் இல்லை. பாகூரில் ஒன்பதாம் நூற்றாண்டில் ஒரு வித்தியாத்தானம் இருந்தது. பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு அக்கல்லூரிக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டமை கூறும். கல்லூரியின் கட்டடம் எவ்வாறு இருந்தது, எத்துணைத் தூண்கள் என்பதில் அச்செப்பேட்டிற்குக் கருத்தில்லை. எது அதற்குச் சோறிட்டது என்பதனையே அது எழுதி வைத்தது. வடிவம் போயிற்று, வாழ்வித்த முறை எஞ்சியது. நினைவுப் பண்டத்திலோ வடிவம் எஞ்சும். வாழ்வித்த முறை போகும். பாகூர் ஏரிக்குப் பெண்ணையாற்று நீரைக் கொணரும் பங்காரு வாய்க்காலும் அத்தகையதே. பங்காரி, சிங்காரி என்னும் இரு மகளிரைப் பற்றி அவ்வட்டாரத்தில் வழங்கும் கதையை அறியாத இளைஞரும், வாய்க்காலில் நீர் வந்ததா என்று வினவும்போது அப்பெயரைச் சொல்கின்றனர். சுவரில் மாட்டாமலே பெயர் நிற்கிறது.

இவ்விடத்து ஒரு தடை எழும். மக்கள் விளையாட்டு நினைவுகளைப் பொருளில் ஏற்றுதல் நாட்டுப்புறத்திலும் உண்டன்றோ எனின், உண்டு. மறைந்த ஆட்டக்காரரின் பெயரால் கபடிப் போட்டியும் கைப்பந்துப் போட்டியும் நடத்துதல் தமிழகத்துச் சிற்றூர்களில் பரவிய வழக்கம். நினைவுச் சுழற்கோப்பை என்பர். அவர் படம் பொறித்த பனியனை அணிந்து அவ்வூர்க் குழு ஆடும். புறத்தோற்றத்தில் இதுவும் நினைவுப் பண்டமே. ஆயினும் வேறுபாடு பெரிது. போட்டிக்காக அச்சிடும் துண்டறிக்கையில் மாய்ந்தவர் பெயருக்கு அடுத்துக் கோப்பை வழங்குவோர் பெயர் வரும். அவர் தம்பியா, மாமனா, உடன் ஆடிய நண்பரா என்பதும் வரும். எஞ்சினவர் அங்குப் பெயர் சுட்டி நிற்கின்றனர். ஆட்டம் அவ்வூர்க் களத்திலேயே நிகழ்கிறது. கோப்பை சுழற்கோப்பையாதலின் எவர்க்கும் உடைமையாகாது. அடுத்த ஆண்டு திரும்பி வருதல் வேண்டும்.

நடுகல்லுக்குத் தொல்காப்பியர் கூறும் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்னும் ஆறனையும் இதனோடு ஒப்பிடுக. ஆறனுள் ஒன்றேனும் கல்லைப் பெயர்த்துக்கொண்டு செல்வதைக் கூறவில்லை. கல் மலையிலிருந்து ஊருக்கு வரும். ஊரிலிருந்து எங்கும் போகாது. நினைவுப் பண்டமோ எடுத்துச்செல்வதற்கென்றே செய்யப்படுவது. புரூக்ளின் தொப்பியைப் பொறுத்தவரை ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளல் வேண்டும். 1957இல் அணியை இழந்த ஊரவர் அத்தொப்பியை அணிந்தபோது அது அவர்க்கு ஊன்றுகோலாகவே இருந்திருக்கும். அணி போனபின் பிறந்து, அவ்வூரை மிதித்திராதவன் அணியும்போது அது மணலாகிறது. பொருள் ஒன்றே, எஞ்சினவர் உளரா இலரா என்பதே துறையை அறுதியிடுகிறது.

புதுவை ஆலைகளைப் பற்றியும் கூறவேண்டியுளது. 1936 ஜூலை 30இல் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் 12 பேர் மாண்டனர். அடுத்த ஆண்டில் எட்டுமணி நேர வேலை சட்டமாயிற்று. சுற்றுச் சிற்றூர்களிலிருந்து தலைமுறை தலைமுறையாக மக்கள் வேலைக்குச் சென்ற ஏ.எஃப்.டி. ஆலை 2020இல் மூடப்பட்டது. அவ்வாலையின் வாயிலையோ புகைபோக்கியையோ குவளையில் பொறித்து விற்கக் கண்டேனல்லேன். நாளை ஒருவர் பொறிக்கலாம். பொறிப்பின் அக்குவளையில் வாயில் மட்டும் இருக்குமா, வாயில் மூடியபின் நிலுவைக்காகக் காத்து நின்றவரும் இருப்பாரா என்பதே அதனை மதிப்பிடும் அளவுகோலாகும்.

வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. அவ்வூர்ச் சிற்பி வி. கே. முனுசாமி 2020இல் பத்மசிரீ விருது பெற்றார். ஐயனார்க்கு நேர்ந்துவைக்கும் மண்குதிரை மழையில் கரைந்து சிதைவதை எவரும் குறையாகக் கருதுவதில்லை. மீண்டும் நேர்வோர் மீண்டும் செய்விப்பர். கடைக்குச் செல்லும் சிறு குதிரையோ சிதையாமல் இருத்தல் வேண்டும். ஒரே மண், ஒரே சூளை. நேர்ந்தவர் இருப்பதும் இல்லாமையுமே வேறுபாடு.

நடுகல் வழக்கிற்கும் நினைவுச் சுழற்கோப்பைக்கும் உள்ள தொடர்பு தனியே ஆராய்தற்குரியது. அதற்கு வேண்டும் முதற்சான்று மேற்கூறிய துண்டறிக்கைகளே. ஆட்டம் முடிந்த மறுநாள் அவை களத்து ஓரத்தில் கிடக்கும்; மழை வந்தால் அதுவும் இல்லை. அவற்றைத் திரட்ட முன்வரும் ஆய்வு மாணாக்கர் பொங்கலை அடுத்த நாள்களில் இவ்விரு கொம்யூன்களின் சிற்றூர்களுக்கும் செல்வாராக.